புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி?

நேற்று இரவு படித்த ஒரு பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்தப் பாடத்தில் என்னென்ன இருந்தது என்று நினைவுக்கு வருவதையெல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். வரிசை வேண்டாம், அழகான கையெழுத்தும் வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு அரைப்பக்கம்கூட நிரம்பாது. தலைப்பு வரும். ஓரிரண்டு சொல் வரும். "வலது மூலையில் ஒரு படம் இருந்ததே" என்பது வரும். அந்தப் படம் எதைப் பற்றியது என்பது வராது. இப்போது புத்தகத்தைத் திறந்து பாருங்கள். "அட, இதெல்லாம் தெரிந்ததுதானே!" என்று தோன்றும். நம்மைக் கவிழ்ப்பது இந்தத் "தெரிந்ததுதானே".

எதிரே வருபவரின் முகம் சட்டென்று பிடிபட்டுவிடும். பெயர் மட்டும் தொண்டைக்குழியில் நின்றுகொண்டு வர மறுக்கும். பார்த்ததை அடையாளம் காண்பதும், பார்க்காததை உள்ளிருந்து எடுப்பதும் இரண்டு வேறு வேலைகள். தேர்வில் கேட்கப்படுவது இரண்டாவது. நாம் மாதக்கணக்காகப் பழகுவது முதலாவதை.

நான் பள்ளியிலும் கல்லூரியிலும் மஞ்சள் மார்க்கர் கட்சி. புத்தகத்தில் கோடு படாத வரி குறைவு. முப்பது தாண்டி, வேலைக்கு நடுவே ஒரு துறைத் தேர்வு எழுத வேண்டிவந்தது. முழுப் புத்தகத்தையும் மூன்று முறை வாசித்துவிட்டுப் போனேன். முதல் கேள்வியிலேயே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதில் எந்தப் பக்கத்தில், எந்த நிறக் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்பதுவரை தெரிந்தது. பதில் மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் படிப்பது எப்படி என்பதையே படிக்கத் தொடங்கினேன். அப்படிச் சேர்ந்த செய்முறைதான் இது.

முதல் படி: வாசித்தது போதும், எடுத்துச் சொல்லுங்கள்

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறிய உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றிலும் அதை வாசித்துக்கொண்டே இருந்தது. ஆளுக்குச் சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்தாயிற்று. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது, சராசரியாக மூன்று தடவைக்குச் சற்று மேல். மீதி மூன்று சுற்றிலும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முந்தியது: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

எண்களைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது தோற்ற குழுதான். பதினான்கு தடவை வாசித்த வரி நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும்; அந்த வழுக்கலை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். நினைவிலிருந்து எழுதுபவருக்கோ ஒவ்வொரு வரியும் இழுபறி. தனக்கு எதுவும் வரவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த இழுபறியில்தான் பாடம் பதிகிறது.

இதை ஏதோ ஆய்வகத்தில் பிறந்த புதுமை என்றும் நினைக்க வேண்டாம். மாணவர் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் நன்னூல் "கேட்டவை நினைத்தல்" என்கிறது. "வினாதல், வினாயவை விடுத்தல்" என்கிறது. கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்கு விடை சொல். கோடு போடச் சொல்லவில்லை.

செய்முறை எளிது. மூன்று நான்கு பக்கம் வாசியுங்கள்; அதற்கு மேல் வேண்டாம். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எழுதச் சலிப்பாக இருந்தால் அறையில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லுங்கள். வராத இடத்தில் உடனே புத்தகத்துக்குத் தாவாதீர்கள். ஒரு நிமிடமாவது தேடுங்கள். அந்தத் தேடல் வெற்றி பெறாவிட்டாலும் வீண் இல்லை. தேடிவிட்டுப் பார்த்த விடை, தேடாமல் பார்த்த விடையைவிட நன்றாக ஒட்டும்.

பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் திருத்துங்கள். இந்தத் திருத்தத்தைப் பலர் தவிர்க்கிறார்கள். தவிர்த்தால் தப்பும் சேர்ந்து பதிந்துவிடும். நீலத்தில் எழுதி சிவப்பில் திருத்தினீர்கள் என்றால், நாளை படிக்க வேண்டியது சிவப்பு மட்டும். நீலம் ஏற்கெனவே உங்களுடையது.

முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் முப்பது பக்கம் புரட்டியவர் எட்டுப் பக்கத்தில் நிற்பார். அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். பக்கக் கணக்குப் பார்ப்பதை அந்த வாரம் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: குறிப்பைக் கேள்வியாக எழுதுங்கள்

வெள்ளைத் தாள் ஒரு பாடத்தின் மொத்த உருவத்தைப் பிடிக்க உதவும். தனித்தனி விவரங்களைத் தக்கவைக்க அட்டைகள்தான் வசதி: ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நல்ல அட்டை எது, கெட்ட அட்டை எது என்பதில்தான் சறுக்கல்.

"ஒளிச்சேர்க்கை பற்றி எழுதுக" என்பது கெட்ட அட்டை. இதற்கு விடை ஒரு பக்கம் வரும். பாதி சொல்லிவிட்டு "சரி, தெரியும்" என்று தாண்டிவிடுவோம். "ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் எந்த மூலக்கூறிலிருந்து வருகிறது?" என்பது நல்ல அட்டை. விடை ஒரே சொல்: நீர். கார்பன் டை ஆக்சைடு என்று தப்பாகச் சொன்னால், தப்பு எங்கே என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

ஒரு அட்டைக்கு ஒரு விஷயம். பட்டியலாக ஐந்து காரணங்கள் இருந்தால் ஐந்து அட்டை போடுங்கள். மொத்தப் பட்டியலுக்கு வேண்டுமானால் இன்னொன்று. "என்ன" என்று மட்டும் கேட்காமல் "ஏன்" என்றும் கேளுங்கள். "மனிதனின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். "உட்கரு இல்லாததால் சிவப்பணுவுக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், ஹீமோகுளோபினுக்கு இடம் கூடுகிறது என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னவருக்கு முதல் கேள்வியின் விடையும் தானாக வந்துவிடும்.

மொழி படிப்பவர்கள் இரண்டு திசையிலும் அட்டை போட வேண்டும். அந்நியச் சொல்லைப் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது. தமிழைப் பார்த்து அந்தச் சொல்லை எடுப்பது கடினம். பேசும்போது தேவைப்படுவது இரண்டாவது திசை.

விடையை வாயால் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். மனதுக்குள் "ம், அதுதான்" என்று சொல்லிக்கொண்டு திருப்பினால் நீங்கள் மறுபடியும் முகம் பார்க்கும் வேலையைச் செய்கிறீர்கள். மற்றவர்கள் செய்த அட்டைத் தொகுப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு அவை அவ்வளவாக உதவவில்லை. பாடத்தில் எது கேட்கத் தகுந்தது என்று முடிவு செய்வதே பாதிப் படிப்பு. தயார் அட்டையை இறக்கிக்கொண்டால் அந்தப் பாதி போய்விடுகிறது. நேரம் இல்லாதபோது சொல் பட்டியலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: கொஞ்சம் மறக்க விட்டுத் திரும்புங்கள்

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். ஒவ்வொரு வரிசையையும் எவ்வளவு நேரத்தில் மறுபடி கற்க முடிகிறது என்று அளந்தார். 1885-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி கற்கும்போது, முதல்முறை பிடித்த உழைப்பில் மிச்சப்பட்டது பாதிக்கும் கீழே போயிருந்தது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிச்சம் இருந்தது. மறதி முதல் நாளில் மலைச்சரிவு போல இறங்குகிறது. அப்புறம் சமவெளி போல மெதுவாகிறது.

அவர் எடுத்தது பொருளற்ற அசைகள். புரிந்து படித்த பாடம் இவ்வளவு வேகமாகக் கரையாது. மறதி இறங்கும் கோட்டின் வடிவம் மட்டும் நமக்கும் பொருந்தும். அதனால் முதல் மீள்பார்வை மறுநாளே வர வேண்டும். அடுத்தடுத்தவை தள்ளிப் போகலாம். நான் வைத்திருக்கும் கணக்கு: படித்த மறுநாள், பிறகு 4-ம் நாள், 10-ம் நாள், 25-ம் நாள். இது வேதவாக்கு இல்லை. இடைவெளி விரிந்துகொண்டே போக வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி.

எவ்வளவு விரிய வேண்டும் என்பது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-ல் நிக்கோலஸ் செபெடாவும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் நல்லது என்பதுதான் கேள்வி. ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 35 நாளில் என்றால் 11 நாள். 350 நாளில் என்றால் 21 நாள். ஆண்டு முழுக்க நினைவில் நிற்க வேண்டிய பாடத்தை ஒரே வாரத்தில் ஐந்து முறை திருப்பிப் பார்ப்பது உழைப்பை வீணடிப்பதுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் தலையில் சுமக்க வேண்டாம். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் எழுதிவைத்த பெட்டி முறை போதும். அவர் ஐந்து அறை வைத்தார். தொடங்குபவருக்கு மூன்று போதும். காலி அட்டைப்பெட்டி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதைப் பத்து நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால், எந்தப் பெட்டியில் இருந்தாலும் நேரே முதல் பெட்டிக்கு வந்துவிடும். பரமபதத்தில் பாம்பு கடித்ததுபோல. தெரிந்த அட்டைகள் தானாக ஒதுங்கிவிடும். தெரியாதவை தினமும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

கைப்பேசியில் வேண்டுமானால் அன்கி என்ற செயலி இருக்கிறது. எந்த அட்டையை எந்த நாளில் காட்ட வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். அதில் ஒரு பொறி உண்டு. உற்சாகத்தில் முதல் நாளே நூறு அட்டை சேர்ப்பீர்கள். அடுத்தடுத்த நாளும் அப்படியே. இரண்டாவது வாரத்தில் ஒரு காலை திறந்து பார்த்தால் முந்நூறு அட்டை காத்திருக்கும். மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டீர்கள். நானே இரண்டு முறை அப்படி ஓடியிருக்கிறேன். புதிய அட்டை நாளுக்குப் பத்து முதல் பதினைந்துக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே குவிந்துவிட்டது என்றால் புதியதை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐம்பது வீதம் பழையதைக் கரையுங்கள்.

நான்காம் படி: புரியாததை உருப்போடாதீர்கள்

வரிசைப்படி இது முதலில் வந்திருக்க வேண்டும். முதலில் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதால் தள்ளிவைத்தேன்.

149217891945 என்ற எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள். பன்னிரண்டு இலக்கம், பலருக்கு ஏழெட்டில் தடுமாறும். இப்போது வெட்டிப் பாருங்கள்: 1492, கொலம்பஸ் கடல் கடந்த ஆண்டு, 1789, பிரெஞ்சுப் புரட்சி, 1945, இரண்டாம் உலகப் போரின் முடிவு. பன்னிரண்டு இலக்கம் மூன்று துண்டாகிவிட்டது. இந்த ஆண்டுகளை முன்பே தெரிந்தவருக்கு நாளைக்கும் மறக்காது. தெரியாதவருக்கு இன்னும் பன்னிரண்டு இலக்கம்தான். ஆக, நல்ல நினைவு என்று நாம் வியப்பது பல நேரம் முன்னறிவு. புதியது ஒட்டிக்கொள்ள உள்ளே ஏற்கெனவே ஓர் ஆணி அடித்திருக்க வேண்டும்.

இதை வெட்டவெளிச்சமாக்கிய ஒரு சோதனை 1980-ல் வெளியானது. சாதாரண நினைவுத்திறன் கொண்ட ஒரு கல்லூரி மாணவர், படிக்கப்படும் இலக்கங்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் பயிற்சியில் இறங்கினார். தொடக்கத்தில் ஏழு இலக்கம். சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கம். அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்ட எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். 3492 என்றால் ஒரு மைல் ஓட்டத்தின் 3 நிமிடம் 49.2 நொடி. அவரிடம் இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது மறுபடி ஆறில் வந்து நின்றார். நினைவு என்ற தசை வளரவில்லை; எண்களை மாட்ட ஆணிகள் வளர்ந்திருந்தன. "மூளைப் பயிற்சி" விளையாட்டுகளில் மதிப்பெண் ஏறினால் பாடமும் ஏறும் என்று நம்புபவர்கள் இந்த ஆறை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

உங்களுக்கான நடைமுறை: ஒரு வரியைப் படித்ததும் "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். "இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த எதோடு சேரும்?" என்று கேளுங்கள். பிறகு பாடமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். புத்தகத்து வாக்கியம் அப்படியே வாயில் வருகிறது என்றால் புரியவில்லை என்று பொருள். திக்கித் திணறினாலும் உங்கள் சொற்களில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சூத்திரங்களை நெட்டுருப் போடுபவர்கள், ஒருமுறையாவது அது எப்படி வந்தது என்று வரியாகப் போட்டுப் பாருங்கள். தேர்வில் மறந்துபோனால் திரும்பக் கட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கும்.

ஐந்தாம் படி: காரணமே இல்லாதவற்றுக்கு மட்டும் தந்திரம்

சில விஷயங்களில் புரிந்துகொள்ள எதுவும் இல்லை. பெயர்கள், வரிசைகள், பட்டியல்கள். அங்கேதான் நினைவுத் தந்திரங்களுக்கு வேலை.

முதலெழுத்து வாக்கியம் எல்லாவற்றிலும் சுலபம். சூரியனிலிருந்து கோள்களின் வரிசை: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். இதற்கு ஒரு வாக்கியம்: "புது வெள்ளைப் பூனை செடியில் விழுந்து சறுக்கி யுக்தியாய் நெளிந்தது." தமிழில் இது இன்னும் நன்றாக அமையும்; நம் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் உயிரையும் மெய்யையும் சேர்த்தே தருவதால், 'பு' புதனையும் 'பூ' பூமியையும் தனித்தனியாகக் காட்டிவிடும். வாக்கியத்தை நீங்களே கட்டுங்கள். எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்தது இட முறை. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய உத்தி. நன்கு தெரிந்த ஓர் இடத்தில் மனதால் நடந்துகொண்டே, நினைவில் வைக்க வேண்டியவற்றை ஒவ்வொரு இடத்திலும் ஒரு காட்சியாக வைத்துவிட்டு வருவது. மந்த வாயுக்கள் ஆறை எடுத்துக்கொள்வோம்: ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான்.

உங்கள் வீட்டு வாசற்கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே பிரம்மாண்டமான ஹீலியம் பலூன் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. எப்படியோ நுழைந்தால் செருப்பு வைக்கும் இடத்தில் ஒவ்வொரு செருப்பும் நியான் விளக்குபோல் சிவப்பாக எரிகிறது. கூடத்து நாற்காலியில் ஆர்மோனியம் ஒன்று தானே உட்கார்ந்து வாசித்துக்கொள்கிறது: ஆர்கான். சமையல் மேடையில் யாரோ கிரிக்கெட் ஆடிப் பாத்திரத்தை உடைக்கிறார்கள்: கிரிப்டான். குளியலறையில் ஒரு கார் நின்று கண்ணைக் கூசும் செனான் விளக்கை அடிக்கிறது. கட்டிலில் போர்வை போர்த்திக்கொண்டு ஒரு ரேடியோ தூங்குகிறது: ரேடான்.

ஒருமுறை கண்ணை மூடி நடந்துவிட்டு, புத்தகம் பார்க்காமல் ஆறையும் சொல்லுங்கள். பிறகு கட்டிலிலிருந்து வாசல்வரை திரும்ப நடந்து பின்னிருந்தும் சொல்லுங்கள். வரும். நினைவுப் போட்டிகளில் முன்னணியில் நிற்பவர்களை 2003-ல் எலினோர் மகுவயர் குழு ஆராய்ந்தபோது, அவர்களுக்கு அறிவுத்திறன் சோதனையில் தனிச்சிறப்பு எதுவும் தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் செய்தது இந்த நடையைத்தான்.

ஆனால் இதற்கு மயங்கிவிடாதீர்கள். பட்டியல் பிடிக்கும் கருவி இது. மந்த வாயுக்கள் ஏன் எளிதில் வினைபுரிவதில்லை என்று கேட்டால் ஆர்மோனியம் பதில் சொல்லாது. நான் பார்த்தவரை, தந்திரம் கற்றுக்கொண்ட புதிதில் எல்லாவற்றையும் அதில் திணிக்கத் தோன்றும். இரண்டு வாரத்தில் வீடு முழுக்கக் குப்பை சேர்ந்துவிடும்.

கணக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டு முடித்து, அடுத்த வகைக்குப் போவது வழக்கம். பயிற்சியில் அது கைகொடுக்கும். 2007-ல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவாரியாகவும், இன்னொன்றுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி. கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது 63. காரணம் யோசித்தால் புரியும்: வகைவாரியாகப் போடும்போது எந்த வழிமுறை என்று முடிவு செய்யும் வேலையே இல்லை. தேர்வில் முதல் வேலையே அதுதான். எனவே ஒரு வகை பிடிபட்டதும், முந்தைய மூன்று பாடங்களிலிருந்து கணக்குகளைக் குலுக்கிப் போட்டு எடுங்கள்.

தூக்கம், கைப்பேசி, இன்னபிற

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும், படித்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவில் நிற்பதைக் காட்டிவிட்டார்கள். இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பவர், பகலில் உள்ளே போட்டது இறுகும் நேரத்தைத்தான் வெட்டுகிறார். கடினமான பகுதியை இரவு ஒருமுறை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டுப் படுங்கள். எழுந்ததும் மறுபடி சொல்லுங்கள்.

கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கவனிக்காதது உள்ளேயே போகவில்லை. உள்ளே போகாததை எந்த உத்தியாலும் வெளியே எடுக்க முடியாது.

"நான் கண்ணால் படிக்கிறவன், நான் காதால் படிக்கிறவள்" என்று தங்களைப் பிரித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருவரின் விருப்பத்துக்கேற்ற முறையில் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்கு, 2008-ல் உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசியபோது போதிய சான்று கிடைக்கவில்லை. படம் வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் படம் வேண்டும். இதயத்தில் இரத்தம் போகும் வழியைக் காதால் கேட்டு மட்டும் பிடிப்பது யாருக்கும் சிரமம்தான்.

தேர்வு அறையில் வராமல் போனால்

தெரிந்த விடை நடுவில் நின்றுவிட்டால் அதையே முட்டிக்கொண்டிருக்காதீர்கள். அதே தப்பான சொல் திரும்பத் திரும்ப வந்து வழியை மறிக்கும். ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். திரும்பி வரும்போது பல நேரம் வழி விட்டிருக்கும். அப்போதும் வரவில்லை என்றால் சுற்றி வளையுங்கள். அந்தப் பாடத்தில் அதற்கு முன்னால் என்ன வந்தது, எந்த எடுத்துக்காட்டு சொல்லப்பட்டது, அட்டையில் கேள்வியை எப்படி எழுதியிருந்தோம், முதல் எழுத்து எதுவாக இருக்கலாம் என்று அக்கம்பக்கத்து விவரங்களைக் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுத அனுமதி இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மனதுக்குள் ஓட்டுங்கள். நினைவில் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது அசையும்.

வீட்டில் பழகும்போதே நேரம் வைத்து, புத்தகம் இல்லாமல், தேர்வில் எழுதும் அதே விதத்தில் சில முறை எழுதிவிடுங்கள். அங்கே கை நடுங்குவதற்கு ஒரு காரணம், அப்படி எழுதுவது அன்றுதான் முதல் முறை என்பது.

முதல் ஏழு நாள்

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் புதன்கிழமைக்குள் கைவிடுவீர்கள். ஒரே ஒரு பாடத்தை எடுங்கள்.

திங்களன்று நான்கு பக்கம் வாசித்து, மூடி, வெள்ளைத் தாளில் எழுதி, சிவப்பில் திருத்துங்கள். சிவப்பிலிருந்து பத்து அட்டை. செவ்வாயன்று புதிய பக்கத்தைத் தொடுவதற்கு முன் அந்தப் பத்து அட்டை. பிறகு அடுத்த நான்கு பக்கம், இன்னொரு பத்து. புதனன்று புதிய பக்கம் வேண்டாம். முதல் பெட்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் பாடத்தையும் ஒரே தாளில், புத்தகம் இல்லாமல், உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். அன்று மனம் சோர்ந்துபோகும். திங்களன்று நன்றாக வந்தது புதனன்று பாதிதான் வரும். அது திட்டத்தில் உள்ளதுதான். வியாழன், வெள்ளி, முதல் இரு நாளைப் போலவே. இரண்டாம் பெட்டியும் இப்போது திறக்கும். சனியன்று எல்லா அட்டைகளையும் பாட வரிசை இல்லாமல் குலுக்கிப் போட்டுக் கேளுங்கள். கேட்க ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது, திருப்பிப் பார்த்து ஏமாற்ற முடியாது.

ஞாயிறன்று ஒரு புதிய வெள்ளைத் தாள். பத்து நிமிடம், புத்தகம் மூடியபடி, வாரப் பாடம் முழுதும். எழுதி முடித்ததும், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் எழுதிய தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.